டர்பனில் ஒரு எம்2: டீலரிடம் கொடுப்பதா, இணைய ஏலத்தில் விடுவதா?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, டர்பனை ஒட்டிய அம்லாங்காவில் ஏழு ஆண்டு இருந்துவிட்டு, இன்னும் மூன்று மாதத்தில் ஊர் திரும்புகிறீர்கள். 2021 கடைசியில் இரண்டாம் கையாக வாங்கிய 2017ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ எம்2 இருக்கிறது. மேனுவல் கியர், 61,000 கிலோமீட்டர், வங்கிக் கடனில் கொஞ்சம் பாக்கி. டீலர் 5 லட்சத்து 60 ஆயிரம் ரேண்டுக்கு மேல் தர மாட்டேன் என்கிறார். அதே கார் விளம்பரங்களில் 7 லட்சத்துக்கு நிற்கிறது. இணைய ஏலத்தில் விட்டால் அந்த வித்தியாசம் கைக்கு வருமா, அல்லது நண்பரிடம் விட்டுவிட்டு இரண்டு ஆண்டு கழித்து விற்றால் விலை ஏறியிருக்குமா என்று கேட்கிறீர்கள். மச்சான் ஏலத்தில் புகுந்து விலையை ஏற்றிவிடத் தயாராக இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: நடுவில் நிற்கும் அந்த 1 லட்சத்து 40 ஆயிரம் ரேண்ட் யாருடைய பணம்? முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். டர்பனின் ஜேக்கப்ஸ் பக்கம், நசுங்கிய கார்களின் உடலைச் சரிசெய்யும் ஒரு பேனல் பீட்டர் பட்டறையில் தொடங்கினேன். பிறகு விபத்து வாகன மதிப்பீடு, கடைசிப் பத்து ஆண்டுகள் இணைய ஏலத்துக்கு வரும் கார்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதும் வேலை. நான் கண்ட வரையில் அந்தப் பணம் சந்தேகத்தின் விலை. காரைப் பற்றிய சந்தேகத்தை யார் சுமக்கிறாரோ அவருக்கு அது போய்ச் சேரும். நீங்கள் சுமந்தால் ஒரு பகுதி உங்களுக்கு. முழுவதும் வராது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

டீலர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. இந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தொழிலாக விற்பவரிடம் வாங்கிய காரில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம், பழுது பார்க்கச் சொல்லலாம், பணத்தையும் கேட்கலாம். பழைய காருக்கும் இது பொருந்தும். எம்2 போன்ற காரில் ஒரு டர்போ போனாலே டீலரின் இலாபம் அத்துடன் போய்விடும். கார் அவர் தளத்தில் நிற்கும் நாட்களுக்கு வட்டி, சாலையில் ஓடத் தகுதியான கார் என்று சொல்லும் ரோட்வர்த்தி சான்றிதழ், டயர், மெருகு எல்லாம் அவர் செலவு. அதோடு 7 லட்சம் என்பது விளம்பர விலை. அந்த விலையில் நிற்கும் கார் இன்னும் விற்கவில்லை என்பது மட்டும்தான் அதிலிருந்து உறுதியாகத் தெரிகிறது. டீலர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் பார்க்கும் மதிப்புப் பட்டியலிலும் ஒவ்வொரு காருக்கும் டீலர் வாங்கும் டிரேட் விலை, அவர் விற்கும் ரீடெய்ல் விலை என்று இரண்டு எண்கள் இருக்கும். சாதாரணக் காருக்கு அவை நம்பகமானவை. சில நூறு மட்டுமே ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு, நல்லதையும் கெட்டதையும் அவை ஒரே தட்டில் வைத்துவிடும். ஏலம் உங்களுக்கு உதவக்கூடிய இடம் இதுதான்.

அமெரிக்க ஏலத் தளங்களின் முடிவுகளைப் பார்த்து, டாலரை ரேண்டாக்கிக் கணக்குப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தக் கணக்கை ஒதுக்கிவையுங்கள். 2007இல் தொடங்கி 2014 முதல் ஏலம் நடத்தும் பிரிங் எ டிரெய்லர் போன்ற தளத்தில், ஒரு காரை நாடு முழுவதிலுமிருந்து நூற்றுக்கணக்கானோர் கண்காணிக்கிறார்கள். கார்கள் இடப்பக்க ஸ்டீயரிங். தென்னாப்பிரிக்காவிலோ பழைய கார் இறக்குமதிக்குப் பொதுவாக அனுமதி இல்லை. திரும்பி வந்து குடியேறுவோர் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே. வெளியிலிருந்து மலிவான எம்2 வந்து உங்கள் விலையைக் கெடுக்காது என்பது இதில் நன்மை. வாங்குபவர்கள் கூட்டம் சிறியது என்பது தீமை. ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பவர் முதலாவதாக நிற்பவரல்ல, இரண்டாவதாக நிற்பவர். உங்கள் காரை உண்மையாக விரும்பும் ஒருவர் பிரிட்டோரியாவில் இருந்தாலும், அவரோடு போட்டியிட இன்னொருவர் இல்லாவிட்டால் அவர் மனத்தில் வைத்திருக்கும் தொகையை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். அந்த இரண்டாவது ஆளை உருவாக்குவதுதான் விற்பவரின் முழு வேலை.

அந்த ஆள் பெரும்பாலும் ரீஃப் எனப்படும் ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருப்பார். 570 கிலோமீட்டர் தாண்டி வந்து பார்க்க மாட்டார். அவருக்குக் கடலோரக் கார் என்றாலே ஒரு பயம் உண்டு. அந்தப் பயம் நியாயமானதும்கூட. சென்ற ஆண்டு அம்லாங்காவில் கடலைப் பார்த்த அடுக்குமாடி ஒன்றின் தரைத்தளத்தில் ஒரு காரைப் பார்த்தேன். மேலே கண்ணாடி போலப் பளபளப்பு. அடியில் இருந்த மூடுதட்டைக் கழற்ற முயன்றபோது, போல்ட்டின் தலை டார்ச் வெளிச்சத்தில் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. பின்பக்கச் சட்டத்தின் இணைப்புகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. உரிமையாளர் வாரம் தவறாமல் காரைக் கழுவியவர். அடியில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் காருக்கு அழகான வெளிப்படங்களை மட்டும் போட்டிருந்தால், கேட்பவர்கள் துருவைத் தாங்களாகவே கற்பனை செய்து விலையைக் குறைத்திருப்பார்கள். அடிப்பக்கத்தைப் படமெடுத்து, எட்டு போல்ட்டுகளை மாற்றிய ரசீதையும் சேர்த்துப் போட்டோம். கேள்விகள் நின்றன, ஏலம் நகர்ந்தது.

ஆகவே உங்கள் எம்2வை முதலில் ஒரு பட்டறையில் தூக்கி நிறுத்தி அடிப்பக்கத்தைப் படமெடுங்கள். அடுத்து எஞ்சின். 2018இல் வந்த எம்2 காம்பெடிஷனில் எஸ்55 எஞ்சின். உங்களுடையதில் அதற்கு முந்தைய என்55, 272 கிலோவாட். காம்பெடிஷனைவிட உங்கள் கார் எப்போதும் ஒரு படி கீழே விலை போவதற்கு இதுவே முதற்காரணம், அதை விளக்கத்தில் மூடி மறைத்துப் பயனில்லை. என்55 தெரிந்தவர்கள் மூன்று கேள்விகள் கேட்பார்கள். இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் குழாய் மாற்றப்பட்டதா? அழுத்தத்தில் அது வெடிப்பது வழக்கம், மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டிய கார்களில் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கின் கேஸ்கெட் கசிகிறதா? கசிந்த எண்ணெய் பெல்ட்டில் இறங்கினால், பெல்ட் நழுவி எஞ்சினின் முன்சீலுக்குள் சுருண்டுகொள்வதும் உண்டு. மின்சார வாட்டர் பம்ப் எப்போது மாற்றப்பட்டது? இந்த மூன்றுக்கும் ரசீதோடு பதில் இருந்தால் அதுவே பணம். இல்லாவிட்டால் 'மாற்றவில்லை, இப்போது கசிவு இல்லை' என்று தேதியோடு எழுதுங்கள். அதுவும் பதில்தான்.

சர்வீஸ் புத்தகத்தைப் பற்றி. சர்வீஸையும் பழுதையும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும் பிஎம்டபிள்யூவின் மோட்டார்பிளான் ஐந்து ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வரை. உங்கள் காருக்கு அது 2022இல் முடிந்திருக்கும். அதுவரையான வரலாற்றை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு, உங்கள் கைச்செலவில் நடந்த ஆண்டுகளைத்தான் துருவுவார்கள். ஆண்டுக்கு ஒரு ஆயில் மாற்று ரசீதாவது இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். முதல் உரிமையாளரை ஒரு முறை அழைத்துப் பேசுவதும் நல்லது. மென்பொருளை மாற்றிப் பிறகு பழையபடி ஆக்கியிருந்தால் அவருக்குத்தான் தெரியும்.

பெயின்ட். தடிமன் அளக்கும் கருவியைத் தொழிற்சாலைப் பூச்சின் மேல் வைத்தால் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் காட்டும். 250க்கு மேல் போனால் மறுபூச்சு, 500ஐத் தாண்டினால் அடியில் புட்டி என்று எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பலகையையும் அளந்து, கருவியின் திரை தெரியும்படி படமெடுங்கள். இடது பின்சக்கரத்துக்கு மேலே ஒரு உரசலைச் சரிசெய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணையும் போடுங்கள். இதில் எனக்கு ஒரு பழைய வடு இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், என் சொந்தக் காரை விற்றபோது, கதவில் புட்டி வைத்துப் பூசிய பெயின்டைச் சொல்லாமல் விட்டேன். சிறிய விஷயம் என்று நினைத்தேன். வாங்க வந்தவர் ஒரு காந்தத்தைக் கதவில் ஒட்டிப் பார்த்தார். அது வழுக்கி விழுந்தது. அவர் கோபப்படவில்லை. "வேறு என்ன சொல்லாமல் விட்டீர்கள், அண்ணா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். வேறு எதுவுமே இல்லை, ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் வழியில்லை.

கார் இரவு முழுதும் நின்று ஆறிய பிறகு, காலையில் பானட்டைத் திறந்து வைத்து, முதல் ஸ்டார்ட்டை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். ஓடோமீட்டர் அதில் தெரியட்டும். டயரின் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் காட்டுங்கள். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. நான்கு டயரும் ஒரே பிராண்டாக இருந்தால், காரைப் பார்த்துக்கொண்டவர் செலவுக்கு அஞ்சாதவர் என்று வாங்குபவர் ஊகித்துக்கொள்வார்.

இனி எண்கள். பல தளங்கள் வாங்குபவரிடமும் ஒரு கட்டணம் வசூலிக்கின்றன. உதாரணத்துக்கு 5 சதவீதம், அதன் மேல் 15 சதவீத வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல் போகக் கூடாது என்று தீர்மானித்தவர், ஏலத்தில் 6 லட்சத்து 14 ஆயிரத்துச் சொச்சத்தில் நின்றுவிடுவார். கட்டணம் அவருடையது என்று தளம் சொன்னாலும், அது உங்கள் விலையிலிருந்துதான் கழிகிறது. உங்களிடம் வாங்கும் கட்டணத்தையும் கழித்துவிட்டு, மிச்சத்தை டீலரின் 5 லட்சத்து 60 ஆயிரத்தோடு ஒப்பிடுங்கள். நன்கு தயாரித்த காருக்கு 30 முதல் 60 ஆயிரம் கூடக் கிடைக்கும் என்பது என் அனுபவக் கணிப்பு. கணிப்புதான், வாக்குறுதி இல்லை. அந்தத் தொகைக்காக மூன்று வார உழைப்பு உங்களுக்குத் தகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தகும்.

ரிசர்வ் எனப்படும் அடிமட்ட விலையை டீலர் சொன்ன தொகைக்குச் சற்று மேலே, 5 லட்சத்து 80 ஆயிரம் அளவில் வையுங்கள். 6 லட்சத்து 80 ஆயிரம் வைத்தால் கார் விற்காமல் நிற்கும். அந்தத் தோல்வி இணையத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கும், அடுத்து வாங்க வருபவர் அதைக் காட்டியே பேரம் பேசுவார். கடைசி நிமிடத்தில் விலை கேட்டால் நேரம் நீளும் விதி உள்ள தளமாகப் பாருங்கள். பிரிங் எ டிரெய்லரில் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் கடிகாரம் மீண்டும் இரண்டு நிமிடத்துக்குப் போகும். பதுங்கியிருந்து கடைசி நொடியில் தட்டிப் பறிக்க முடியாது என்பதால் உண்மையான விலை வெளியே வருகிறது.

மச்சான் விஷயத்தில் என் பதில் உறுதியானது: வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 45ஆவது பிரிவு ஏலங்களைப் பற்றியது. விற்பவரோ அவர் சார்பில் ஒருவரோ ஏலம் கேட்பதாக இருந்தால் அதை முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காமல் கேட்பது மோசடி. சட்டத்தை விடுங்கள், அவர் ஏற்றிவிட்ட விலைக்கு மேல் யாரும் வராவிட்டால் காரை வாங்கியவர் மச்சான்தான். பிறகு கட்டணத்தை யார் கட்டுவது?

தனியார் ஒருவர் தன் காரை விற்கும்போது 'ஃபுட்ஸ்டுட்ஸ்', அதாவது உள்ளது உள்ளபடி, என்று எழுதி விற்கலாம். டீலருக்குச் சொன்ன ஆறு மாதப் பொறுப்பு உங்களுக்கு இல்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்த குறையை வேண்டுமென்றே மறைத்தால் அந்தச் சொல் உங்களைக் காப்பாற்றாது. நீங்களோ அப்போது சென்னையில் இருப்பீர்கள், வழக்கறிஞர் செலவு டர்பனில் ஓடும். நான் வழக்கறிஞர் அல்ல. விற்பனை ஒப்பந்தத்தை ஒரு முறை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.

கடன் தீரும்வரை வங்கிதான் பதிவில் டைட்டில்ஹோல்டர், அதாவது சட்டப்படி உரிமை வைத்திருப்பவர். கடனை அடைக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்லும் செட்டில்மென்ட் கடிதத்தை இன்றே வங்கியிடம் கேளுங்கள். 2 லட்சத்து 50 ஆயிரமும் அதற்கு மேலும் எடுத்த கடனை முன்கூட்டியே அடைத்தால், மூன்று மாத வட்டி வரை கட்டணம் விதிக்கக் கடன் சட்டம் இடம் தருகிறது. முன்னறிவிப்புக் கொடுத்த நாட்கள் அதில் கழியும். நீங்கள் மூன்று மாதத்தில் போகிறீர்கள் என்பதால், இன்று எழுதும் ஒரு மின்னஞ்சல் கணிசமான பணத்தை மிச்சப்படுத்தும். ரோட்வர்த்தி சான்றிதழ் 60 நாள்தான் செல்லும். அதை மட்டும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம், ஏலம் முடியும் வாரத்தில் எடுங்கள்.

இரண்டு ஆண்டு வைத்திருந்தால் ஏறுமா என்பதில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரு பக்கத்துக்கும் காரணம் இருக்கிறது. புதிய எம்2 உங்களுடையதைவிடக் கிட்டத்தட்ட 200 கிலோ கூடுதல் எடை. சிறியதாக, இலேசாக, கையால் கியர் போடும் கார் இனி வருவது அரிது. இந்நாட்டுக்காரர்கள் இப்படிப்பட்டவற்றை மறப்பதில்லை. எண்பதுகளில் இங்கே இருநூற்றுச் சொச்சம் மட்டுமே கட்டப்பட்ட பிஎம்டபிள்யூ 333ஐ (333i), வலப்பக்க ஸ்டீயரிங் எம்3 இல்லாததால் அதன் இடத்தில் வந்த 325ஐஎஸ் (325iS) ஆகிய இரண்டையும் இன்று தேடி அலைகிறார்கள். என் இளமையில் டர்பனின் சாட்ஸ்வர்த் தெருக்களில் 325ஐஎஸ் ஒன்று திரும்பும் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் இருப்பவர்கள்கூட வாசலுக்கு வருவார்கள். ஆனால் அவை மதிப்பு ஏறும் முன் நீண்ட காலம் மலிவாகக் கிடந்தன, பலவற்றை ஓட்டி நொறுக்கிய பிறகே மிச்சம் அரிதானது. உங்கள் எம்2 இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை என்பது என் எண்ணம்.

இன்னொன்று வட்டி. நீங்கள் வாங்கிய 2021இல் வங்கிக் கடன்களுக்கு அடிப்படையான பிரைம் வட்டி 7 சதவீதத்தை ஒட்டி இருந்தது, புதுக் கார்கள் சிப் தட்டுப்பாட்டால் வரவில்லை, எல்லோரும் பழையதற்குப் பாய்ந்தார்கள். 2023 மே மாதத்தில் பிரைம் வட்டி 11.75 சதவீதமானது. இத்தகைய கார்களைக் கடனில் வாங்குபவர்களே அதிகம். தவணை ஏறினால் கேட்பவர் குறைவார். 2024 செப்டம்பரிலிருந்து வட்டி இறங்கத் தொடங்கியது உங்களுக்குச் சாதகம். இருந்தாலும் உரிமையாளர் கடல் கடந்து இருக்க, கார் வேறொருவர் கொட்டகையில் உப்புக் காற்றில் நிற்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது. காப்பீடு, உரிமக் கட்டணம், வறண்டு போகும் டயர்கள், செத்துப்போகும் பேட்டரி எல்லாம் ஏறக்கூடிய விலையைத் தின்றுவிடும். விற்றுவிடுங்கள்.

பணம் உங்கள் கணக்கில் வந்து நின்றதை வங்கியே உறுதிசெய்யும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள். செலுத்தியதற்கான சான்று என்று கைப்பேசியில் காட்டப்படும் படம் பணமல்ல. கொடுத்த அன்றே உரிமை மாற்ற அறிவிப்புப் படிவத்தைப் பதிவு அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகலைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது பதிவில் ஏறாத வரை காரை வாங்கியவர் பெறும் வேக அபராதமெல்லாம் உங்கள் பெயருக்கே வரும். கடைசியாக, காரின் திரையில் வீட்டு முகவரி, தொலைபேசி எண்கள், உங்கள் பிஎம்டபிள்யூ கணக்கு எல்லாவற்றையும் அழியுங்கள், வெயில் மறைப்பில் செருகிய கேட் ரிமோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சாவி எங்கே என்று இப்போதே தேடத் தொடங்குங்கள், தம்பி. அது இல்லாமல் வரும் கார்கள்தான் என் மேசைக்கு அதிகம்.